வாசகர் கேள்வி பதில்: சாதனத்துக்கு உரிய டிரைவரைக் கெர்னல் கண்டறிவது எப்படி?

கேள்வி: புதிய நெட்வொர்க் கார்டு ஒன்றைப் பொருத்தி லினக்ஸைத் தொடங்கினேன். எதையும் நிறுவாமலே இணைப்பு கிடைத்துவிட்டது. எந்தக் கார்டு, அதற்கு எந்த டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) என்பது லினக்ஸின் மைய நிரலான கெர்னலுக்கு எப்படித் தெரிந்தது?

பதில்: இதில் ஊகம் எதுவும் இல்லை, தான் யார் என்பதைக் கார்டே சொல்லிவிடுகிறது. பிசிஐ பஸ்ஸில் (கார்டுகளைக் கணினியோடு இணைக்கும் பொதுத் தடத்தில்) இணையும் ஒவ்வொரு சாதனமும் தன்னைப் பற்றிய விவரங்களை ஒரு சிறிய பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதன் முதல் 4 பைட்டுகளில் 16 பிட் அளவுள்ள உற்பத்தியாளர் எண்ணும், அதே அளவுள்ள சாதன எண்ணும் இருக்கும். ஒரு பஸ்ஸில் 32 இடங்கள் வரை இருக்கலாம். கெர்னல் தொடங்கும்போது அவற்றில் ஒவ்வொன்றிடமும் இந்த எண்களைக் கேட்கிறது. காலியான இடத்திலிருந்து 16 பிட்டுகளும் 1 ஆகவே அமைந்த விடை வரும். அதனால்தான் அந்த எண் எந்த நிறுவனத்துக்கும் வழங்கப்படுவதில்லை.

உங்களுடையது இன்டெலின் ஐ210 வகைக் கார்டு என்று வைத்துக்கொள்வோம். அது 8086 என்றும் 1533 என்றும் விடை சொல்லும். இரண்டும் பதினாறை அடிப்படையாகக் கொண்ட (ஹெக்ஸாடெசிமல்) எண்கள். (1978-இல் இன்டெல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் 8086தான்.) மறுபுறம், ஐஜிபி என்ற டிரைவருக்குள் ‘எனக்குத் தெரிந்த சாதனங்கள் இவை’ என்று ஓர் அட்டவணை எழுதப்பட்டிருக்கிறது; அதில் 8086, 1533 என்ற இணை ஒரு வரியாக இருக்கிறது.

இந்த இரண்டையும் யார் சேர்த்துவைக்கிறார்கள் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். வட்டில் கிடக்கும் டிரைவர் கோப்புகளைக் கெர்னல் தானே தேடிப் பார்ப்பதில்லை. டிரைவர்கள் நிறுவப்படும்போதே டெப்மாட் என்ற நிரல் எல்லா அட்டவணைகளையும் திரட்டி ஒரே கோப்பாக எழுதிவைத்துவிடுகிறது. புதிய சாதனத்தைக் கண்டதும் கெர்னல் அதன் எண்களை ஒரே சரமாகக் கோத்து ஓர் அறிவிப்பை வெளியே அனுப்ப, யூடெவ் என்ற பின்னணி நிரல் அதைப் பெற்றுக்கொண்டு, அந்தக் கோப்பில் பொருந்தும் வரி எந்த மாட்யூலை (டிரைவர் கோப்பை) காட்டுகிறதோ அதை நினைவகத்தில் ஏற்றச் செய்கிறது. அவ்வாறு ஏறிய டிரைவர் தன்னைப் பஸ்ஸிடம் பதிவு செய்யும்போதுதான் முறையாகப் பொருத்தம் பார்க்கப்படுகிறது. இது இரு திசையிலும் நடக்கும்: புதிய டிரைவர் வந்தால், டிரைவர் கிடைக்காமல் காத்திருக்கும் சாதனங்களோடு அது ஒப்பிடப்படும்; புதிய சாதனம் வந்தால், ஏற்கனவே பதிவான டிரைவர்களோடு ஒப்பிடப்படும். எல்எஸ்பிசிஐ கட்டளையை என், கே என்னும் இரு தெரிவுகளோடு (lspci -nk) இயக்கினால், எண்களும் அவற்றை ஏற்றுக்கொண்ட டிரைவரின் பெயரும் அடுத்தடுத்த வரிகளில் தெரியும். ஒருமுறை பார்த்துவிடுங்கள், நான் மேலே எழுதியது முழுவதும் அந்தச் சில வரிகளில் அடங்கியிருக்கும்.

கேள்வி: முன்பின் கேள்விப்படாத நிறுவனத்தின் யூஎஸ்பி கீபோர்டுகூட உடனே வேலை செய்கிறதே? அதன் எண்ணும் அட்டவணையில் இருக்குமா?

பதில்: இருக்க வேண்டியதில்லை. யூஎஸ்பி சாதனங்கள் உற்பத்தியாளர் எண், தயாரிப்பு எண் ஆகியவற்றோடு, தாம் எந்த வகுப்பைச் சேர்ந்தவை என்பதையும் சொல்கின்றன. கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்கு 3, பென் டிரைவ் போன்ற சேமிப்பகங்களுக்கு 8, ஹப்புக்கு 9. அந்த வகுப்புக்குரிய பொது டிரைவர் ஒன்று இருந்தாலே போதும். மேலும், லினக்ஸில் யூஎஸ்பி டிரைவர் பெரும்பாலும் முழுச் சாதனத்தோடு அல்ல, அதன் ஒவ்வோர் இடைமுகத்தோடும் தனித்தனியாகவே இணைகிறது. மைக் உள்ள வெப்கேமரா ஒன்றைச் செருகினால், படத்துக்கு ஒரு டிரைவரும் ஒலிக்கு வேறொரு டிரைவரும் ஒரே நேரத்தில் அதைப் பகிர்ந்துகொள்வது இதனால்தான்.

கேள்வி: சிறிய போர்டு ஒன்றில் வெப்ப உணரியை ஐ2சி (சிப்புகளை இணைக்கும் இருகம்பி பஸ்) கம்பிகளில் இணைத்தேன். ஸ்கேன் செய்தால் 48 என்ற முகவரி தெரிகிறது; ஆனால் டிரைவர் தானாக வரவில்லை. உணரி பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஐ2சி பஸ்ஸில், பிசிஐயில் உள்ளதுபோல ‘நீ யார்?’ என்று கேட்பதற்குப் பொதுவான வழி கிடையாது. 48-இல் (இதுவும் ஹெக்ஸாடெசிமல் எண்தான்) ஏதோ ஒன்று பதில் சொல்கிறது என்பது மட்டுமே ஸ்கேனில் தெரியும். எல்எம்75 என்னும் வெப்ப உணரியும் அங்கே இருக்கலாம். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 என்னும் சிப்பும் அதே முகவரியில் இருக்கலாம். சோதித்துப் பார்க்கிறேன் என்று கெர்னல் கண்டபடி பைட்டுகளை எழுதினால், அந்த எழுத்தையே கட்டளையாக எடுத்துக்கொண்டு வேறு ஏதாவது செய்துவிடும் சிப்புகளும் உண்டு. பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ பஸ் கார்டுகளின் காலத்தில் இப்படித் துழாவியதாலேயே கணினி உறைந்து நின்றதுண்டு.

ஆகவே, இங்கே சாதனத்துக்குப் பதிலாக வேறொருவர் சொல்ல வேண்டும். அந்த வேலையை ஏஆர்எம் போர்டுகளில் டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பும், மேசைக்கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் ஃபர்ம்வேர் தரும் ஏசிபிஐ அட்டவணைகளும் செய்கின்றன. உங்கள் போர்டின் டிவைஸ் ட்ரீயில், அந்த ஐ2சி பஸ்ஸின் கீழ் 48 என்ற முகவரியோடு ஒரு கணுவை (அந்தச் சிப்புக்கான பதிவை) சேர்த்து, அதன் ‘கம்பேட்டிபிள்’ பண்பில் உற்பத்தியாளர் பெயரையும் சிப்பின் பெயரையும் எழுதுங்கள். எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கட்டும். ஒப்பிடப்படுவது அந்தச் சரம்தான். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் எழுதுவதானால், துல்லியமானது முதலிலும் பொதுவானது பின்னாலும் வர வேண்டும்.

கேள்வி: டிரைவர் ஏறியிருக்கிறது, எண்ணும் பொருந்துகிறது, ஆனாலும் சாதனம் இயங்கவில்லை. இது எப்படி?

பதில்: எண் பொருந்துவது பேச்சு தொடங்குவதற்கான அனுமதி மட்டுமே. அதன்பின் டிரைவரின் ப்ரோப் என்ற செயற்கூறு அழைக்கப்படும். அது சாதனத்தைத் தொட்டுப் பார்த்து, நினைவகப் பகுதியையும், சாதனம் செயலியை அழைக்கப் பயன்படும் குறுக்கீட்டு (இன்டரப்ட்) எண்ணையும் பெற்று, எல்லாம் சரியென்றால் மட்டுமே ஏற்றுக்கொள்ளும். ‘இது என்னால் ஆகாது’ என்று பிழை எண்ணைத் திருப்பினால், சாதனம் மறுபடியும் டிரைவர் இல்லாமல் நிற்கும். டிரைவர் மட்டும் நினைவகத்தில் இருக்கும். நீங்கள் பார்ப்பது அநேகமாக இந்த நிலைதான். சில சமயம் அது மறுப்பாக இல்லாமல் தவணை கேட்பதாகவும் இருக்கும்: தனக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரின் டிரைவர் இன்னும் வரவில்லை என்றால், ‘பிறகு அழையுங்கள்’ என்று சொல்லும் வசதி 2012-இல் வந்த லினக்ஸ் 3.4 முதல் இருக்கிறது. அந்த ரெகுலேட்டர் வரவே இல்லையென்றால் காத்திருப்பும் முடியாது. எனவே முதலில் கெர்னல் பதிவுகளைப் படித்து, ப்ரோப் எந்தப் பிழையோடு திரும்பியது என்று பாருங்கள். டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவுவதால் பெரும்பாலும் எதுவும் மாறாது.