அமெரிக்கக் கல்லூரி அனுப்பும் புதுமுக மாணவர் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: மகளுக்கு அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. புதிதாகச் சேரும் மாணவர்களின் படங்களையும் விவரங்களையும் தொகுத்து அச்சிடும் "ஃப்ரெஷ்மேன் ரெஜிஸ்டர்" என்ற புத்தகத்துக்குப் படமும் விவரமும் பணமும் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்துள்ளது. வாங்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். படிவத்தை மட்டும் அனுப்பினால் போதும். பல இடங்களில் படம் போடுவதற்குக் காசு கிடையாது, புத்தகத்துக்குத்தான் விலை. இரண்டும் ஒரே தாளில் இருப்பதால் குழப்பம் வருகிறது. கடிதம் கல்லூரியே அனுப்பியதா, தனியார் அச்சகம் அனுப்பியதா என்பதை புது மாணவர்களுக்கு வழிகாட்டும் ஓரியன்டேஷன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அச்சுக்குப் போக வேண்டும் என்பதால் விவரங்களைக் கோடையின் நடுவிலேயே வாங்கி முடித்துவிடுவார்கள். விடுதி அறை ஒதுக்கீடு அதற்குப் பிறகுதான் வரும்; ஆக, பக்கத்து அறையில் யார் என்பது அதில் இருக்காது. இடத்தை உறுதிசெய்ய மே 1-க்குள் முன்பணம் கட்டிவிட்டு வேறு கல்லூரிக்குப் போனவர்கள் படத்தோடு இருப்பார்கள். படம் அனுப்பாதவர்களுக்கு வெறும் கட்டம். போன வருடப் பிரதி கையில் கிடைத்தால் ஏதாவது ஒரு பக்கத்தில் வெறும் கட்டங்களை எண்ணுங்கள். கால்வாசிக்கு மேல் இருந்தால் பர்ஸை மூடிவிடலாம்.

சில நூறு பேர் மட்டுமே சேரும், எல்லோரும் விடுதியில் தங்கும் சிறிய கல்லூரி என்றால் வாங்குவதில் அர்த்தம் உண்டு. ஆயிரக்கணக்கில் சேரும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது அலமாரிக்குத்தான். ஹார்வர்டில் 2004 பிப்ரவரி 4-இல் தொடங்கிய ஃபேஸ்புக்குக்குப் பெயரே இந்த மாதிரிப் புத்தகங்களிலிருந்து வந்ததுதான். அந்த வேலையை இப்போது செய்வது வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் குழுக்கள்.

நம்மவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பெயர். புத்தகம் குடும்பப் பெயர் வரிசையில் இருக்கும். அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருந்தால் மகள் அப்பா பெயரின் முதல் எழுத்தில்தான் வருவாள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யு" என்று போடுவார்கள். "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது. கல்லூரிப் பதிவிலிருந்து அப்படியே எடுத்து அச்சிட்டால் அதுவே அவள் பெயராகிவிடும். "அழைக்கும் பெயர்" என்று கட்டம் இருந்தால் காலியாக விடாதீர்கள்.

ஊர், பள்ளி, படிக்கும் பாடம், இரண்டு ஆர்வங்கள் எழுதினால் போதும். தெரு முகவரி, கைபேசி எண், பிறந்த வருடம் வேண்டாம். படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கும். முகம் பெரிதாக, பின்னணி வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பு வெள்ளை அச்சில் கருநீலச் சட்டையும் கருங்கூந்தலும் ஒரே கறையாகிவிடும்.

மாணவர் பதிவுகளின் தனியுரிமைக்கான அமெரிக்காவின் 1974-இன் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரி இப்படிப்பட்ட பொது விவரங்களை வெளியிட வேண்டாம் என்று மாணவர் எழுதிக் கொடுக்கலாம். கல்லூரியில் சேர்ந்தபின் அந்த உரிமை பெற்றோருக்கு இல்லை. கையெழுத்து மகளுடையதாக இருக்க வேண்டும். தனியார் அச்சகத்துக்கு நீங்களே எழுதி அனுப்பிய விவரத்தை அந்தச் சட்டம் காக்காது.

அப்படியும் வாங்குவதென்றால், இந்திய முகவரிக்கு வரவழைக்காதீர்கள். தபால் வந்து சேர்வதற்குள் அவள் விமானம் ஏறியிருப்பாள். ஓரியன்டேஷன் நாளன்று வளாகத்திலேயே தருவார்களா என்று கேளுங்கள்.