டெபியன் லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புக்குப் பதிலாக எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப் போட்டேன். வைஃபை போய்விட்டது, தமிழ்த் தட்டச்சும் வரவில்லை. ஃபார்மட் செய்துவிடவா?

வேண்டாம். உங்கள் டெபியனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாறியது அதன் மேல் நீங்கள் பார்க்கும் மெனு, ஜன்னல் எல்லாம் சேர்ந்த டெஸ்க்டாப் மட்டும்தான். இந்த இரண்டு தொல்லையையும் நானும் பட்டிருக்கிறேன்.

உங்களுடையது 2 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி என்று எடுத்துக்கொள்கிறேன். வசதியான கணினி என்றால் எக்ஸ்எஃப்சிஇ-யை விட்டு நகர வேண்டிய தேவையே வந்திருக்காது. என்னுடையது 2013-இல் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்தது. விண்டோஸோடு, டெபியனிலிருந்து மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பரணில் கிடந்ததை எடுத்து டெபியன் 12 போட்டு அத்தையின் டைப்பிங் கடைக்குக் கொடுத்தேன். மனு, வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா எல்லாம் தமிழ்99 விசைப்பலகையில் அடித்துக் கொடுப்பதுதான் அவருக்கு வருமானம்.

எக்ஸ்எஃப்சிஇ-யில் சும்மா நிற்கும்போதே 600 எம்பிக்கு மேல் போனது. ஃபயர்ஃபாக்ஸில் நான்கு டேப், கூடவே லிப்ரே ஆபீஸ் என்றால் ரேம் நிரம்பி ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாது. அதனால் எல்எக்ஸ்க்யூடியின் முழுத் தொகுப்பை நிறுவினேன். ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை இல்லை. ஒரு நாள் முழுக்க டிரைவரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், தொகுப்போடு கான்மேன் என்ற இணைப்பு மேலாளரும் வந்து இறங்கியிருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ காலத்து நெட்வொர்க் மேனேஜரும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே வைஃபை அட்டைக்கு இரண்டு பேர் சண்டை. கான்மேனை நீக்கியதும் சரியாகிவிட்டது.

தமிழ் வேறு கதை. ஃபயர்ஃபாக்ஸிலும் சரி, எல்எக்ஸ்க்யூடியோடு வந்த ஃபெதர்பேட் என்ற எழுதும் செயலியிலும் சரி, ஆங்கிலம் மட்டும்தான் விழுந்தது. காரணம், தமிழ்த் தட்டச்சைத் தரும் ஐபஸ் என்ற நிரலை எக்ஸ்எஃப்சிஇ-யின் தொடக்கப் பட்டியலில் மட்டும் சேர்த்து வைத்திருந்தேன். வேறு டெஸ்க்டாப்பில் நுழைந்தால் அந்தப் பட்டியலை யாரும் படிக்கப்போவதில்லை. தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுக்கும் இம்-கான்ஃபிக் என்ற கருவி மூலம் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்தால் எந்த டெஸ்க்டாப்பில் நுழைந்தாலும் அதுவே எழும். ஜிடிகே, க்யூடி என்ற இரண்டு கருவித்தொகுப்புகளில் எழுதப்பட்ட செயலிகளுக்கும் வேண்டிய அமைப்பையும் அதுவே செய்துவிடும்.

இன்னும் ரேம் மிச்சமாகட்டும் என்று முழு டெஸ்க்டாப் இல்லாமல் வெறும் ஓப்பன்பாக்ஸ் என்ற ஜன்னல் மேலாளரும் போட்டுப் பார்த்தேன். 300 எம்பிக்குக் கீழே இறங்கியது, சந்தோஷமாக இருந்தது. மறுநாள் அத்தை ஃபோன்: "ஏம்ப்பா, அந்தப் பழைய டி டிரைவைத் தொறந்தா அனுமதி இல்லங்குது. முன்னாடி பாஸ்வேர்டாவது கேக்கும், இப்ப அதுவும் கேக்கல." கேட்க ஆளில்லை என்பதுதான் விஷயம். பாஸ்வேர்டு பெட்டியைத் திரைக்குக் கொண்டுவருவது, அனுமதிகளைக் கவனிக்கும் பாலிசிகிட்டின் ஏஜென்ட் என்ற தனி நிரல். எக்ஸ்எஃப்சிஇ-யும் எல்எக்ஸ்க்யூடியும் அதை நமக்குத் தெரியாமலே ஓட்டிவிடும். ஓப்பன்பாக்ஸ் ஜன்னல்களை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். அறிவிப்பு, ஒலி, திரை வெளிச்சம், பென்டிரைவ் தானாகத் திறப்பது, மூடியை மூடினால் தூங்குவது என எல்லாவற்றுக்கும் இதே கதைதான். புது டெஸ்க்டாப் போட்டதும் இந்த ஒவ்வொரு வேலைக்கும் யார் பொறுப்பு என்று பாருங்கள். இருவர் இருந்தால் ஒருவரை நீக்குங்கள், யாரும் இல்லையென்றால் ஒருவரை வையுங்கள். அடியில் இருக்கும் டெபியனைத் தொடவே தேவையில்லை. பழைய எக்ஸ்எஃப்சிஇ-யும் இருக்கட்டும், நுழைவுத் திரையில் மாற்றிக்கொள்ளலாம்.

பழைய கணினிகளுக்கான ஆன்டிஎக்ஸ் லினக்ஸ் போட்டால் இதெல்லாம் தயாராகவே வருமே என்று சிலர் சொல்வீர்கள். வரும், நல்ல விநியோகம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அத்தைக்குப் பழகிய பிரிண்டர் அமைப்பு, எழுத்துரு, கோப்பு எல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். டெஸ்க்டாப் இலகுவானால் ஃபயர்ஃபாக்ஸ் இலகுவாகிவிடாது என்பதும் தெரியும். அதற்கு, ரேமில் உள்ளதைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம்தான் கைகொடுத்தது. இப்போது கடையில் ஓடுவது எல்எக்ஸ்க்யூடி.

எனக்கு ஆற்றாமை வேறொன்றில். தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறைகளான யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. இன்றும் அத்தையிடம் வரும் கோப்புகளில் பாதி, யூனிகோடு அல்லாத பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. யூனிகோடில் அடித்துக் கொடுத்த மனுவை, "எங்க ஃபான்ட்ல இல்ல" என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். அத்தை இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து மறுபடி அடித்தார். அந்த மறுவேலைக்கு யாரும் காசு தரவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கான்மேன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நெட்வொர்க் மேனேஜரும், திரை ஓரப் பட்டையில் தெரியும் அதன் ட்ரே ஐகானும் இருப்பதை உறுதிசெய்த பிறகே நீக்குங்கள். இணையம் போன பிறகு எதையும் இறக்க முடியாமல் நான் ஃபோனை யூஎஸ்பியில் மாட்டித்தான் சமாளித்தேன். அடுத்து இம்-கான்ஃபிக், பிறகு ஒரு ரீஸ்டார்ட். அதற்கு மேலும் தமிழ் வராவிட்டால், எந்தச் செயலியில் வரவில்லை என்று கீழே எழுதுங்கள், பார்க்கிறேன்.