ஹைஃபா கடலில் சொறி: வினிகரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

கேள்வி: ஆராய்ச்சி வேலைக்காகக் குடும்பத்தோடு இஸ்ரேலில் ஹைஃபாவில் இருக்கிறேன். போன ஜூலையில் கடலில் குளித்தபோது என் எட்டு வயது மகளின் கையில் ஜெல்லிமீன் பட்டு, சாட்டையால் அடித்ததுபோல வரிவரியாகச் சிவந்துவிட்டது. இணையத்தில் படித்துவிட்டு வினிகர் ஊற்றினேன். எரிச்சல் கூடியதுபோலத்தான் இருந்தது. இந்த வருடம் கடலுக்குப் போகலாமா? மறுபடி பட்டால் என்ன செய்வது?

பதில்: போகலாம். வினிகரைப் பற்றி உங்களுக்குத் தோன்றியது சரிதான்.

அந்த ஆலோசனை வட ஆஸ்திரேலியாவின் பெட்டி ஜெல்லிமீனுக்கு உரியது. அங்கே கடற்கரையிலேயே வினிகர் வைத்திருப்பார்கள். உங்கள் கடலில் இருப்பது வேறு இனம், ரோபிலேமா நோமாடிகா. எபிரேயத்தில் ‘நாடோடி இழை’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. வெளிர்நீலக் குடை, அதன் கீழே நூல் நூலாகத் தொங்கும் இழைகள். ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத நச்சுப் பைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. தோலில் பட்டதும் உள்ளே சுருண்டிருக்கும் ஊசி பாய்ந்து குத்தும். ஆனால் ஒட்டிக்கொண்ட இழையில் எல்லாப் பைகளும் உடனே வெடித்துவிடுவதில்லை. மிச்சம் இருப்பவற்றை உசுப்பாமல் இழையை அகற்றுவதுதான் முதலுதவி. இந்த இனத்தில் வினிகர் அவற்றை உசுப்பிவிடும். உப்பின் அளவு சட்டென்று மாறுவதால் குழாய்த் தண்ணீரும் அதையேதான் செய்யும். சிறுநீர் வைத்தியத்தை மறந்துவிடுங்கள். மணலைப் போட்டுத் தேய்ப்பதும் துண்டால் துடைப்பதும் கூடாது.

கரையேறியதும் கடல்நீரையே மொண்டு தாராளமாக ஊற்றுங்கள். ஒட்டியிருக்கும் இழையைச் சாமணத்தால் எடுங்கள், வெறுங்கையால் வேண்டாம். எல்லாம் போன பிறகு, துணியில் சுற்றிய ஐஸ் பொதியை உருகிய நீர் கசியாதபடி வைக்கலாம். வலி பொறுக்காவிட்டால் குழந்தையின் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். எரிச்சல் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும், தடிப்பும் அரிப்பும் சில நாள் நீடிக்கலாம். மூச்சுத் திணறல், உதடோ முகமோ வீங்குவது, வாந்தி, மயக்கம் என்று எது வந்தாலும் காத்திருக்காமல் அங்குள்ள ஆம்புலன்ஸ் எண்ணான 101-ஐ அழையுங்கள். கண்ணில் பட்டாலும், உடம்பில் பெரிய பகுதியில் பட்டாலும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இந்த ஜெல்லிமீன் மத்தியதரைக் கடலுக்குச் சொந்தமானது அல்ல. செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் சூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கப்பட்டது; அந்த வழியாக வந்ததுதான் இது. பனாமா கால்வாயில் கதவணைகளும் நடுவே ஒரு நன்னீர் ஏரியும் உண்டு; கடல் உயிர்கள் எளிதில் தாண்ட முடியாது. சூயஸில் கதவணையே இல்லை. நடுவிலுள்ள கசப்பு ஏரிகளின் கடும் உப்பு பல காலம் ஓரளவு தடுத்தது, அதுவும் கரைந்து நீர்த்துப் போயிற்று. நூற்றுக்கணக்கான செங்கடல் உயிரினங்கள் இப்படி உள்ளே வந்துவிட்டன. இந்த ஜெல்லிமீன் 1970களின் பிற்பகுதியில் இஸ்ரேல் கரையோரம் முதன்முதலாகத் தென்பட்டது. அப்புறம் லெபனான், துருக்கி, சைப்ரஸ் என்று பரவி துனிசியா, மால்டா வரை போயிருக்கிறது. கூட்டமாக வந்தால் வலைகள் நிறைந்து மீனவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். 2011-இல் உங்களுக்குத் தெற்கே ஹதேராவில், மின் நிலையம் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் இடத்தில் டன் கணக்கில் அள்ளிக் கொட்ட வேண்டியிருந்தது. இதன் குடைக்கடியில் ஒளிந்து வளரும் மீன்குஞ்சுகளில் ஒன்று பாரை இனம். அதுவும் செங்கடலிலிருந்து குடியேறியதுதான்!

நம்மூர் மீனவர்கள் ஜெல்லிமீனைச் ‘சொறி’ என்பார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர் என்பது உங்களுக்குப் போன ஜூலையிலேயே புரிந்திருக்கும். அறுந்த இழைத் துணுக்குகள் தண்ணீரில் மிதப்பதால், ஒரு ஜெல்லிமீன்கூடக் கண்ணில் படாத நாளிலும் உடம்பு அரிக்கலாம். தண்ணீரில் இறங்கியதும் சுருக்கென்றால் ஏறிவிடுங்கள். கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடப்பதும் கொட்டும். மகள் அதைக் குச்சியால் குத்தி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுக்கை, முழுக்கால் லைக்ரா நீச்சலுடைதான் என் முதல் சிபாரிசு. மெல்லிய துணியே ஊசியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஜெல்லிமீன் கொட்டுவதைக் குறைக்கும் லோஷன்கள் அங்கே மருந்துக்கடையில் கிடைக்கும். அவை பாதிப்பைக் குறைக்குமே தவிர முழுக்கத் தடுக்காது. கிளம்புமுன், பொதுமக்கள் எங்கெங்கே பார்த்தார்கள் என்று பதியும் இஸ்ரேலிய ஜெல்லிமீன் வரைபடத்தை இணையத்தில் ஒரு தடவை பாருங்கள்.

சிக்கல் என்னவென்றால், பெருங்கூட்டம் வருவது பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, அதாவது சரியாகப் பள்ளி விடுமுறையில். சில வருடம் குளிர்காலத்திலும் தலைகாட்டும். என்னைக் கேட்டால் மே மாதத்தில் நாலு தடவை போய்வாருங்கள், மீதியைச் செப்டம்பர்-அக்டோபரில் வரும் சுக்கோத் என்ற யூதப் பண்டிகை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.