மெயினை ஆஃப் செய்துவிட்டால் போதுமா? வீட்டு வயரிங் வேலையை நாமே பார்க்கலாமா?

மெயின் மட்டும் போதாது. இதை நான் கை உதறித்தான் கற்றுக்கொண்டேன்.

ஹால் ஃபேன் ரெகுலேட்டர் போய்விட்டது. சின்ன வேலைதானே என்று மெயினை இறக்கிவிட்டு, போர்டைக் கழற்றி, பேஸ் (கரன்ட் வரும்) வயரின் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். வயர் விரலில் பட்டதும் சுரீரென்று ஒரு இழுப்பு; ஸ்க்ரூடிரைவர் எங்கேயோ போய் விழுந்தது. அதே நேரம் சமையலறையிலிருந்து அம்மா, "கரன்ட்ட நிறுத்திட்டேன்னு சொன்னியேடா, இங்க லைட்டு எரியுதே?" என்றார். ஃபிரிட்ஜ் நின்றிருந்தது, லைட் எரிந்துகொண்டிருந்தது. இன்வெர்ட்டர்!

மெயினை இறக்கினால் இன்வெர்ட்டருக்குக் 'கரன்ட் போய்விட்டது' என்றுதான் அர்த்தம். உடனே பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை லைட், ஃபேன் லைன்களுக்கு அனுப்பும். சரி, இன்வெர்ட்டர் சுவிட்சை மட்டும் அணைத்தால்? ஈபி கரன்ட் அதன் வழியாக நேராகப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டையும் அணைக்க வேண்டும். ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நம்பியும் பயனில்லை. பெரும்பாலான வீடுகளில் அது இன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும். பேட்டரியில் ஓடும்போது அதற்கு வேலையே இல்லை. அதோடு, ஒரு கையில் பேஸும் இன்னொரு கையில் நியூட்ரலும் (கரன்ட் திரும்பிப் போகும் வயர்) பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்கு நீங்களும் ஒரு பல்புதான். எர்த்துக்குக் கசிந்தால்தான், அதுவும் 30 மில்லி ஆம்பியர் அளவில், அது விழும். எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) காப்பது வயரை, உங்களை அல்ல.

இப்போதெல்லாம் டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கும் பாயிண்டில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பேன். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வேலை செய்யப்போகும் போர்டில் கறுப்பு (நியூட்ரல்) வயர் உட்பட ஒவ்வொரு வயரையும் டெஸ்டரால் தொட்டுப் பார்ப்பேன். நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால், ஆன் ஆகியிருக்கும் பல்பு வழியாகப் பேஸ் சுற்றி வந்து கறுப்பு வயரிலும் நிற்கும். பழைய வீடுகளில் சுவிட்சையே நியூட்ரலில் போட்டிருப்பதும் உண்டு. சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் பேஸ் இருக்கும். டெஸ்டர் எரியவில்லை என்பதையும் முழுதாக நம்புவதில்லை. காய்ந்த மர ஸ்டூலில், செருப்போடு நின்றால் அது மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. ஒரு ஹோல்டர், பல்பு, இரண்டு துண்டு வயர் சேர்த்து டெஸ்ட் லேம்ப் செய்து வைத்திருக்கிறேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு தடவை, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு தடவை வைத்துப் பார்த்து, இரண்டிலும் எரியவில்லை என்றால்தான் கை வைப்பேன்.

ஷாக்குக்கு அடுத்து நான் பயப்படுவது லூஸ் கனெக்ஷனுக்கு. எங்கள் கீசர் பிளக்கின் ஒரு முனை பழுப்பாகி இளகியிருந்தது. திறந்து பார்த்தால், வயர் ஓட்டைக்குள் போகவில்லை என்பதற்காகப் பாதிக் கம்பிகளை யாரோ வெட்டிவிட்டுச் சொருகியிருந்தார்கள். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அத்தனையும் நாலைந்து மெல்லிய கம்பி வழியாகப் போனால் சூடாகாமல் என்ன செய்யும்? கம்பிகளை முறுக்கி மடித்துச் சொருகி, ஸ்க்ரூவை இறுக்கியபின் வயரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் நல்லதாகப் போயிற்று, திரும்பச் செய்யுங்கள்.

சட்டத்தைக் கேட்டால், பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றுவது வரைக்கும்தான் நமக்கு. புது லைன் இழுப்பது லைசென்ஸ் உள்ளவர் வேலை. என் எல்லையும் அதுதான். சமையலறையில் இன்டக்ஷன் அடுப்புக்குப் புது பாயிண்ட் வேண்டும் என்றால் ஆளைக் கூப்பிடுவேன், ஆனால் பக்கத்திலேயே நிற்பேன். லைட் போர்டிலிருந்து லூப் எடுக்காமல் 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரைத் தனியாக இழுக்கிறாரா, பச்சை (எர்த்) வயரும் கூடப் போகிறதா என்று பார்க்கத்தான். முன்பு ஒருவர், டிரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது என்று நாங்கள் சொன்னதற்கு, ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் செய்துவிட்டு "இனிமே விழாது சார்" என்று காசு வாங்கிக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்து அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கியபோது வீட்டில் ஃபிரிட்ஜ்கூட நிற்கவில்லை. அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.