ஜொகூர் வண்டிக்குப் புளோக் அடியில் அபராதம்: பதில்

மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்து சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக் அடியில் வண்டியை நிறுத்தினேன், இடம் காலியாகத்தானே கிடந்தது, வெளியேறும்போது காசும் கட்டினேன், அப்புறம் ஏன் அபராதம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் போட்ட படத்திலேயே பதில் இருக்கிறது அண்ணே, டயருக்குப் பக்கத்தில் தரைக்கோடு சிவப்பு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்ப் பேட்டைகளில் சிவப்புக் கட்டம் மாதக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு, வெள்ளைதான் விருந்தாளிகளுக்கு. பகலில் மாதக் கட்டணக்காரர்கள் வேலைக்குப் போய்விடுவதால் சிவப்பு வரிசை ஈயாடும், வெளியூர் வண்டி நேராக அங்கேதான் போய் நிற்கும். கட்டிய காசு பேட்டையில் நிறுத்தியதற்கு, அதற்காக எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று ஆகாது.

ஞாயிறு என்றால் இலவசம் என்று உங்கள் மச்சான் சொன்னது பாதி சரி. சில பேட்டைகளில் ஞாயிறும் பொது விடுமுறையும் காலை 7 முதல் இரவு 10.30 வரை இலவசம்தான், ஆனால் பலகையில் எழுதியிருக்க வேண்டும்.

நுழைவாயிலில் தடுப்பு இல்லாத, நிறுத்தும் நேரத்துக்கு நாமே காசு கட்டும் கூப்பன் இடமென்றால் பார்க்கிங்.எஸ்ஜி செயலியில் வண்டி எண்ணைத் தட்டுங்கள், சீக்கிரம் கிளம்பினால் அதிலேயே முடித்து மீதிக் காசைத் திரும்பப் பெறலாம்.

தெருவோரம் இரட்டை மஞ்சள் கோடு இருந்தால் எந்த நேரமும் நிறுத்தக்கூடாது. பலர் மாட்டுவது இன்னொன்று: சாலை நடுவில் விடாத வெள்ளைக் கோடு ஓடினால், ஓரத்தில் மஞ்சளே இல்லாவிட்டாலும் இரண்டு பக்கமும் நிறுத்தக்கூடாது.

மேல்முறையீடு செய்து பாருங்கள், ஆனால் தெரியாது என்ற காரணம் எடுபடுமா என்பது சந்தேகம். பாக்கி வைத்துவிட்டுப் போனால் அடுத்த முறை எல்லையில் தொல்லை, கட்டிவிட்டே கிளம்புங்கள்.