ஆற்றோர ஆலைக்கான சுற்றுச்சூழல் அறிக்கையில் டி.ஓ., பி.ஓ.டி., பி.சி.யு. என்றெல்லாம் இருக்கிறதே, எப்படிப் படிப்பது?

ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் வரப்போகிறது, அறிக்கையைப் புரட்டினால் தலை சுற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட அறிக்கைகளுக்காக ஆற்றில் தண்ணீர் மாதிரி எடுத்துக் கொடுக்கும் வேலையில் சில காலம் இருந்தவன் நான். எல்லாப் பக்கத்தையும் படிக்க வேண்டியதில்லை. எந்த எண்ணைப் பார்த்தாலும் எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று தேடுங்கள்.

டி.ஓ. என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். பி.ஓ.டி. என்றால் தண்ணீரில் உள்ள கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன். பி.ஓ.டி. ஏறினால் டி.ஓ. இறங்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரை ஏ முதல் ஈ வரை வகுத்திருக்கிறது. குளிக்கத் தகுந்த பி வகுப்புக்கு லிட்டருக்கு டி.ஓ. 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், பி.ஓ.டி. 3-ஐத் தாண்டக் கூடாது. மீன்வளத்துக்கான டி வகுப்புக்கு டி.ஓ. 4 போதும், கார அமிலத் தன்மைக்கும் அம்மோனியாவுக்கும் வரம்பு உண்டு, பி.ஓ.டி.க்கு வரம்பே கிடையாது! அதனால் 'மீன்வளத்துக்கு ஏற்ற நீர்' என்று அறிக்கை சொன்னால் அதைப் பெரிய நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேரத்துக்கு வருகிறேன். ஆய்வகத்திலிருந்து வண்டி கிளம்பி ஆற்றுக்குப் போய்ச் சேரவே பத்து, பதினொன்று ஆகிவிடும். அதற்குள் வெயில் ஏறி, பாசி ஆக்சிஜனை வெளியிட ஆரம்பித்திருக்கும். டி.ஓ. அழகாக 6, 7 என்று காட்டும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை இழுக்கிறது. விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்தில் இருக்கும். மீன் செத்து மிதப்பதை ஊர்க்காரர்கள் பெரும்பாலும் விடிகாலையில் பார்ப்பது இதனால்தான். அட்டவணையில் தேதி மட்டும் இருந்து மணி இல்லையென்றால் கூட்டத்தில் அதைக் கேளுங்கள். மாதிரி எடுத்த இடம் ஊர்ச் சாக்கடை கலப்பதற்கு மேலேயா கீழேயா என்றும் கேளுங்கள்.

மீன் பட்டியலில் எத்தனை இனம் என்பதைவிட எந்த இனம் என்பது முக்கியம். விரால், தேளி, பனையேறி மூன்றும் நீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக் கூடியவை. ஜிலேபி எந்தக் குட்டையிலும் பிழைக்கும். இவை மட்டும் பட்டியலில் இருந்தால் ஆறு நலம் என்று ஆகாது. விலாங்கு இருக்கிறதா பாருங்கள். ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும் மீன் அது. உல்லம் நேர்மாறு: கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றில் ஏறும். கங்கையில் 1975-இல் பரக்கா தடுப்பணை வந்த பிறகு, அதற்கு மேலே உல்லம் ஏறுவது ஏறக்குறைய நின்றே போனது. ஆகவே ஆலைக்குத் தண்ணீர் எடுக்கக் குறுக்குச் சுவர் கட்டுவார்களா, கோடையில் எவ்வளவு நீர் கீழே விடுவார்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

போக்குவரத்துப் பகுதியில் வரும் பி.சி.யு. எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றும் அலகு. சாலைகளுக்கு நெறிமுறை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1990-ஆம் ஆண்டு ஊர்ப்புறச் சாலை நெறிமுறையில் கார் 1, பைக் 0.5, லாரி 3, டிராக்டர் டிரெய்லர் 4.5, மாட்டுவண்டி 8. (ஆம், மாட்டுவண்டிதான் உச்சம், மெதுவாகப் போவதால் பின்னால் வருகிற எல்லாரையும் நிறுத்திவைக்கிறதே.) நாளொன்றுக்கு 100 லாரி லோடு என்றால் போக வர 200 நடை, அதாவது 600 பி.சி.யு. சில அறிக்கைகள் ஒரு வழியை மட்டும் எண்ணி 300 என்று போட்டுவிடும். இன்னொரு வேலை, அந்த 600-ஐ 24 மணி நேரத்துக்கும் பரப்பிச் சராசரி காட்டுவது. பள்ளி விடும் நேரத்தில் உங்கள் தெருவில் எத்தனை லாரி என்பது அந்தச் சராசரியில் தெரியாது. எண்ணிக்கை எடுத்த நாள் ஞாயிறா, சந்தை நாளா என்பதையும் பாருங்கள்.

முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், தமிழில் சுருக்கம் மட்டும் கிடைக்கும். மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த நாட்களில் ஆட்சியர் அலுவலகத்தில் வரைவு அறிக்கையைப் பார்க்கலாம். கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. உங்கள் கேள்வி அதில் விடுபட்டிருந்தால் எழுந்து சொல்லிச் சேர்க்க வையுங்கள்.