படக்கதை வரைய: வாசகர் கேள்விகள்

கேள்வி: நாலு கட்டச் சித்திரக்கதை வரைகிறேன். படம் முடிந்து வசனம் எழுதினால் பலூனுக்குள் அடங்குவதில்லை. பொடியாக எழுதினால் அச்சில் படிக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?
வாசகர், காரைக்குடி

பதில்: வசனத்தைக் கடைசிக்கு வைத்ததுதான் கோளாறு. கட்டம் போட்ட கையோடு பென்சிலில் வசனத்தை எழுதி, அதைச் சுற்றிப் பலூனை வளையுங்கள். மிச்ச இடம்தான் படத்துக்கு. அச்சில் 18 செ.மீ. அகலம் என்றால் தாளில் 27 செ.மீ. அகலத்தில் வரையுங்கள், அதாவது ஒன்றரை மடங்கு. தாளில் 5 மி.மீ. உயர எழுத்து அச்சில் 3.3 மி.மீ. ஆகும், அதற்குக் குறைக்காதீர்கள். ‘கி’யின் கொக்கி மேலே ஏறும், ‘பு’ கீழே இறங்கும். வரிகளுக்கு நடுவே 4 மி.மீ. விடாவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ‘சொல்கிறார்கள்’ இடத்தை அடைத்தால் ‘சொல்றாக’ என்று எழுதுங்கள், உங்கள் ஊர்ப் பேச்சுதானே! முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்கட்டும்; மாறி நின்றால் பலூன் வால்கள் குறுக்கே வெட்டும்.

கேள்வி: செட்டிநாட்டு வீட்டின் வளவை (தூண்கள் சூழ்ந்த உள்முற்றப் பகுதியை) வரைந்தால், பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் தரை சுவர்போல் எழுந்து நிற்கிறதே?
வாசகி, தேவகோட்டை

பதில்: பின்னால் போகிற வரிசைகளையும் ஸ்கேலால் ஒரே அளவாகப் பிரித்திருப்பீர்கள். தூரம் போகப்போக இடைவெளி சுருங்க வேண்டும். அதைக் கண்ணளவில் விடாதீர்கள். முதலில் கண் மட்டக் கோடு. அதில் ஒரு புள்ளி. முகப்பிலிருந்து பார்த்தால் வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் வீடுகளில், கடைசி வாசலுக்குள்ளேயே அந்தப் புள்ளி விழும். கட்டத்தின் அடிக்கோட்டில் கல்லின் அகலத்தைச் சம அளவாகக் குறித்து, ஒவ்வொரு குறியையும் புள்ளியோடு சேருங்கள். முதல் வரிசையின் ஆழத்தை மட்டும் உத்தேசமாக ஒரு படுக்கைக் கோட்டால் வையுங்கள். ஓரக் கல்லின் மூலைக்கு மூலை கோடு இழுத்து, அதை அப்படியே நீட்டுங்கள். அது மற்றக் கோடுகளை வெட்டும் இடம்தோறும் ஒரு படுக்கைக் கோடு. அவைதான் அடுத்தடுத்த வரிசைகள். தூண்களையும் இத்தனை கல்லுக்கு ஒன்று என்று எண்ணி நிறுத்தலாம். பூ வேலைப்பாட்டை முன்வரிசை இரண்டில் காட்டினால் போதும். பின்னாலும் நிரப்பினால் அச்சில் கரியாய் அப்பும்.

கேள்வி: ரப்பர் போட்டதும் கருப்பு வெளிறிவிடுகிறது. சில கோடுகள் இறகுபோல் கசிகின்றன.
வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ரப்பர் மையையும் கொஞ்சம் உரித்தெடுக்கும். கோடுகளை மட்டும் நிப்பால் போட்டு, நன்றாகக் காயவிட்டு அழியுங்கள். கூந்தல், நிழல், இருட்டு எல்லாம் அதற்குப் பிறகு 2ஆம் எண் பிரஷ்ஷால் நிரப்ப வேண்டியவை. கசிவுக்குக் காரணம் தாளில் பசை குறைவு. வழவழப்பான ஐவரி போர்டு வாங்குங்கள். மை ஒட்டாமல் விலகினால் காரணம் கையிலிருந்து தாளில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு. கைக்கடியில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள். புது நிப்பிலும் எண்ணெய் பூச்சு இருக்கும், துடைத்துவிட்டே தொடுங்கள். நீர் புகாத இந்தியன் இங்க்கை மட்டும் ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.